ஹோல்டனின் ரஷ்ய பாஸ்போர்ட்

கேள்வி: ஜே.ஆர். ஹோல்டன், ஷேன் லார்கின், லொரென்சோ பிரவுன் போன்ற அமெரிக்கர்கள் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டு ஐரோப்பாவில் கூடைப்பந்து ஆடுகிறார்களே, அதனால் அவர்களுடைய க்ளப் வாழ்க்கையில் என்ன மாறுகிறது? இதெல்லாம் நாட்டு அணிக்கு ஆடத்தானா?

நாட்டு அணி இதில் ஒரு பங்கு, அதுவும் சின்னப் பங்கு. கோடையில் சில வாரம் நாட்டு ஜெர்சி போடுவது நம் கண்ணில் படுகிறது. பாஸ்போர்ட்டின் உண்மையான விலை தீர்மானமாவது வார இறுதியில் நடக்கும் உள்நாட்டு லீக் ஆட்டத்தில். பெரும்பாலான நேரங்களில் நாட்டு அணிக்கு ஆடுவது என்பது அந்தப் பாஸ்போர்ட்டுக்கு வீரர் கட்டும் விலை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐரோப்பாவின் பெரிய க்ளப்புகளுக்கு வாரத்தில் இரண்டு வேலை. நடுவாரத்தில் ஐரோப்பாவின் முதன்மை க்ளப் போட்டியான யூரோலீக், வார இறுதியில் சொந்த நாட்டு லீக். இன்றைய யூரோலீக்கில் எந்த நாட்டுக்காரர் எத்தனை பேர் என்ற வரம்பு கிடையாது. 12 பேரும் அமெரிக்கர்களாக இருந்தாலும் தடையில்லை. உள்நாட்டு லீக் அப்படி விடாது. ஆட்டத் தாளில் எழுதும் 12 பேரில் வெளிநாட்டவர் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று ஒவ்வொரு லீக்கும் ஒரு எண் வைத்திருக்கும். அந்த எண் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரோலீக்குக்காக 8 வெளிநாட்டவரை எடுத்த க்ளப், ஞாயிற்றுக்கிழமை 2 பேரை ட்ராக்சூட்டோடு பெஞ்சுக்குப் பின்னால் உட்கார வைக்க வேண்டும். சம்பளம் மட்டும் முழுதாகப் போகும். அந்த 8 பேரில் ஒருவர் உள்நாட்டுக் குடிமகனாக மாறினால், அவர் 6 பேர் கணக்கிலிருந்து விடுபட்டு உள்நாட்டு வரிசைக்கு வருகிறார். அவர் இடத்தில் இன்னொரு வெளிநாட்டவர் ஆடலாம். ஒரு பாஸ்போர்ட்டில் க்ளப்புக்குக் கூடுதலாக ஒரு முழு வீரர் கிடைக்கிறார். அதிலும் அவர் பாயின்ட் கார்டாக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக, இருந்தால் லாபம் இன்னும் பெரிது. பல நாடுகளில் உயரமான உள்நாட்டு வீரர்கள் கிடைத்துவிடுவார்கள். யூரோலீக் தரத்தில் பந்தை எடுத்துச்சென்று ஆட்டத்தை நடத்தும் உள்நாட்டுக்காரர் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. குடியுரிமை பெற்ற அமெரிக்கர்களின் பட்டியலில் பாயின்ட் கார்டுகளே நிறைந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

இதற்கு ஹோல்டனைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஜான் ராபர்ட் ஹோல்டன் 1976-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். பென்சில்வேனியாவிலேயே பக்னெல் என்ற, கூடைப்பந்துக்குப் பெயர்போகாத பல்கலைக்கழகத்தில் 1998 வரை ஆடினார். அமெரிக்காவின் பெரிய லீக்கான என்பிஏ புது வீரர்களை எடுக்கும் தேர்வில் யாரும் அவரை எடுக்கவில்லை. முதல் வேலை லாட்வியாவின் ரீகாவில். பிறகு பெல்ஜியத்தின் ஓஸ்டெண்டேயில் இரண்டு பருவம், ஏதென்ஸின் ஏஇகே அணியில் ஒரு பருவம். ஏணியில் படி படியாக ஏறுவது என்பது இதுதான்: சிறிய லீக், நடுத்தர லீக், பெரிய லீக். ஏஇகே 2002 கிரேக்க இறுதித் தொடரில் ஒலிம்பியாகோஸிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றுவிட்டு, அடுத்த மூன்றையும் வென்று கோப்பையை எடுத்தது. அந்தக் கோடையில் மாஸ்கோவின் சிஎஸ்கேஏ அவரை வாங்கியது.

மாஸ்கோ போன அடுத்த ஆண்டே, 2003-இல், அதிபர் புடினின் ஆணையில் ரஷ்யக் குடியுரிமை கிடைத்துவிட்டது. ரஷ்யாவில் சாதாரணமாகக் குடியுரிமை கேட்பவர் ஐந்து வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நாட்டுக்குப் பயன்படும் சிறப்புத் திறமை என்ற பிரிவில் இந்த நிபந்தனைகளைத் தளர்த்த அதிபருக்கு அதிகாரம் உண்டு. அந்த வாசல் வழியாக வந்தவர் ஹோல்டன்.

இப்போது 2005-06 பருவத்தின் சிஎஸ்கேஏ பட்டியலைப் பாருங்கள். கிரேக்கர் பாப்பலூகாஸ், அமெரிக்கர்கள் லாங்டன், வாண்டர்பூல், ஸ்லோவேனியர் ஸ்மோடிஷ், ஆஸ்திரேலியர் ஆண்டர்சன், பெல்ஜியர் வான் டென் ஸ்பீகல். ஆறு வெளிநாட்டவர், ஆறு பேரும் யூரோலீக்கில் நிமிடங்கள் ஆடக்கூடியவர்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பாயின்ட் கார்டு ஹோல்டன் இந்த ஆறில் இல்லை, அவர் ரஷ்யர் வரிசையில் இருக்கிறார். அந்த வருட யூரோலீக்கின் கடைசி நான்கு அணிகள் மோதிய சுற்றில் மதிப்புமிக்க வீரராகத் தேர்வான பாப்பலூகாஸ் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார் என்றால், அவருக்கு முன்னால் களமிறங்கியவரைத் தாங்கியது ரஷ்ய பாஸ்போர்ட். பயிற்சியாளர் எத்தோரே மெஸ்ஸினாவுக்கு இரண்டு தலைமை கார்டுகளை மாற்றி மாற்றி இறக்கும் சொகுசு அப்படித்தான் வாய்த்தது. 2006 பிராகில் மக்காபி டெல் அவீவை 73-69 என்று வென்று சிஎஸ்கேஏ யூரோலீக் கோப்பையை எடுத்தது. 2008-இல் மாட்ரிடில் அதே மக்காபியை 91-77 என்று மறுபடியும் வென்றது. இடையில் 2007-இலும் பிறகு 2009-இலும் இறுதி ஆட்டத்தில் பனத்தினாய்கோஸிடம் இரண்டே புள்ளியில் தோற்றது: 93-91, 73-71.

2002 முதல் 2011 வரை ஒன்பது பருவம் ஹோல்டன் அங்கேயே ஆடினார். ஒன்பதிலும் சிஎஸ்கேஏ ரஷ்யச் சாம்பியன். ஐரோப்பாவில் ஆடும் அமெரிக்கர்களின் சராசரி வாழ்க்கையை அறிந்தவர்களுக்குத்தான் இந்த ஒன்பது எவ்வளவு பெரிய எண் என்று புரியும். அவர்களில் பெரும்பாலோர் ஒன்று அல்லது இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போகிறவர்கள். முழங்கால் கொஞ்சம் தொந்தரவு செய்தால், ஒரு பருவம் குறி தவறினால், அந்த வெளிநாட்டு இடத்துக்கு அடுத்த ஆள் வந்துவிடுவார். பாஸ்போர்ட் உள்ளவரை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது, அவரை அனுப்பினால் அதே தரத்தில் இன்னொரு உள்நாட்டு வீரரைத் தேட வேண்டும். ஒப்பந்தம் பேசும் மேசையில் வீரரின் கை ஓங்குவதும் இதனால்தான்.

விலை கட்டிய கதைக்கு வருவோம். 2007 செப்டம்பர் 16, மாட்ரிட், ஐரோப்பிய நாட்டு அணிகள் மோதும் யூரோபாஸ்கெட் தொடரின் இறுதி ஆட்டம். ஸ்பெயின் முந்தைய வருடம் உலகச் சாம்பியனான அணி, ஆடுவது சொந்த ஊரில். ரஷ்யாவின் பயிற்சியாளர் டேவிட் பிளாட் ஆட்டத்தை வேண்டுமென்றே மெதுவாக்கிப் புள்ளிகளை அறுபதுக்குள் அடக்கினார். கடைசி நொடிகளில் ஸ்பெயின் 59-58 என்று முன்னிலை. பந்து ஹோல்டன் கையில். இலவச வீச்சுக் கோட்டுக்கு அருகே ஒரு தாவல் வீச்சு, பந்து வளையத்தில் துள்ளி உள்ளே விழுந்தது. கடிகாரத்தில் மிச்சம் இரண்டு நொடி சொச்சம். பாவ் கசோலின் பதில் வீச்சு உள்ளே இறங்கவில்லை. 60-59. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் ரஷ்யாவுக்கு முதல் ஐரோப்பியத் தங்கம். தொடரின் சிறந்த வீரர் கிரிலென்கோ, ஆனால் பதிவில் நிற்கும் கடைசிக் கூடை பிட்ஸ்பர்க்காரருடையது. அடுத்த வருட பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் இதே ரஷ்யா ஈரானை மட்டுமே வென்று முதல் சுற்றோடு வீடு திரும்பியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அணியை நிலையாகக் கட்டிவிட முடியாது.

நாட்டு அணி விஷயத்தில் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதி கறாரானது. 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர் ஒரு அணியில் ஒருவர்தான் இருக்கலாம். பாட்டி அந்த நாட்டுக்காரர் என்று சொல்லிப் பாஸ்போர்ட் எடுத்தவரும், 16 தாண்டி எடுத்திருந்தால் பொதுவாக இதே கணக்கில்தான் வருவார். ஒரு நாட்டுக்குப் பெரியவர்களுக்கான தொடரில் ஆடிவிட்டால் வேறு நாட்டுக்கு மாறுவதும் மிகக் கடினம்.

இந்த ஒற்றை இடத்துக்கான நெரிசலை ஸ்பெயினில் பார்க்கலாம். செர்ஜ் இபாகா காங்கோவில் பிறந்து ஸ்பெயினில் ஆடி வளர்ந்து 2011-இல் குடிமகனானவர். நிகோலா மிரோட்டிச் மாண்டினீக்ரோவில் பிறந்து ரியல் மாட்ரிடின் இளையோர் அணிக்குச் சிறு வயதிலேயே வந்தவர். இருவருமே ஸ்பானியர்கள், இருவருமே உயரமான முன்வரிசை வீரர்கள், ஆனால் ஒரே தொடரில் இருவரும் சேர்ந்து ஆட முடியாது. 2011, 2012, 2014 தொடர்களுக்கு இபாகா போனார். 2015 யூரோபாஸ்கெட்டுக்கும் 2016 ஒலிம்பிக்ஸுக்கும் மிரோட்டிச் போனார். ரஷ்யாவிலும் ஹோல்டன் விலகியபின் 2009-இல் அந்த இடத்தில் ஆடியவர் இன்னொரு அமெரிக்கரான கெல்லி மெக்கார்ட்டி. துருக்கியில் லார்கின், ஸ்காட்டி வில்பெகின் இருவர் கையிலும் துருக்கிப் பாஸ்போர்ட் இருக்கிறது, ஆனால் நாட்டு அணிக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

ஒரு வழியில் கூட்டமைப்புகள் இதைச் சமாளிக்கின்றன. வரம்பு அந்தந்த ஆட்டத்தின் பட்டியலுக்கு, வாழ்நாளுக்கு அல்ல. 2017-இலிருந்து தகுதி ஆட்டங்கள் நவம்பரிலும் பிப்ரவரியிலும் பருவத்தின் நடுவே நடக்கின்றன. யூரோலீக் ஆட்டங்களோடு அவை மோதுவதால் அங்கே ஆடுபவர்கள் பெரும்பாலும் வர முடிவதில்லை. எனவே குளிர்காலத்துக்கு யூரோலீக்கில் இல்லாத ஒரு குடியுரிமை வீரரையும் கோடைத் தொடருக்கு இன்னொரு பெரிய பெயரையும் வைத்துக்கொள்கிற நாடுகள் உண்டு. ஒரே நாட்டுக்கு இரண்டு மூன்று அமெரிக்கப் பெயர்கள் செய்தியில் அடிபட்டால் குழம்ப வேண்டாம்.

இனி பலரும் சறுக்கும் இடம். பாஸ்போர்ட் வந்துவிட்டால் எல்லா லீக்கிலும் உள்நாட்டு வீரர் ஆகிவிடலாம் என்று நினைப்பது தவறு. ஜெர்மானிய லீக் 12 பேரில் 6 பேர் ஜெர்மானியர் என்று கேட்கிறது, அங்கே குடியுரிமை பேசும். ஸ்பெயினின் ஏசிபி லீக் கேட்பது வேறு. அங்கே ‘உள்ளூரில் பயிற்சி பெற்றவர்’ என்று ஒரு பிரிவு உண்டு. 14 முதல் 20 வயதுக்குள் குறைந்தது மூன்று பருவம் ஸ்பானிய அணிகளில் பதிவாகி இருக்க வேண்டும். 12 பேர் பட்டியலில் இப்படி 4 பேர் கட்டாயம். மிரோட்டிச் இதில் வருவார், ஏனென்றால் அவர் வளர்ந்ததே மாட்ரிடின் இளையோர் அணியில். அவர் பின்னாளில் என்பிஏவிலிருந்து பார்சிலோனாவுக்கு வந்தபோது அவருடைய ஆட்டத்தோடு இந்த இடமும் சேர்ந்து வந்தது. லொரென்சோ பிரவுனுக்கு இது பொருந்தாது. 2022-இல் அமைச்சரவை வழியாக வந்த சிறப்பு ஆணையில் அவருக்கு ஸ்பானியக் குடியுரிமை கிடைத்தது. ஸ்பெயினில் சாதாரணமாகக் கேட்கும் வசிப்புக் காலம் 10 வருடம் என்பதால் கடும் விமர்சனம் எழுந்தது, வீரர்கள் சங்கமே எதிர்த்தது. அதே செப்டம்பரில் பெர்லினில் பிரான்சை 88-76 என்று வென்று ஸ்பெயின் ஐரோப்பியத் தங்கம் வாங்க, சத்தம் அடங்கியது. ஆனால் ஏசிபி லீக்கின் பயிற்சிக் கணக்கில் அவருடைய பாஸ்போர்ட் ஒன்றும் செய்யாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கான இரண்டு இடங்களில் ஒன்றை அவர் பிடிக்க மாட்டார், அவ்வளவுதான் பலன். இத்தாலியிலும் இளையோர் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட பிரிவு இருக்கிறது. மற்ற லீக்குகளின் எண்கள் அடிக்கடி மாறுகின்றன, பழைய கட்டுரையை நம்பாமல் அந்தப் பருவத்தின் விதியைத்தான் பார்க்க வேண்டும்.

‘ஒன்றியத்துக்கு வெளியே’ என்ற இந்தப் பிரிவின் வேர் கால்பந்தில் இருக்கிறது. 1995-இல் பாஸ்மேன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒன்றிய நாட்டுக் குடிமக்களான வீரர்களைக் குடியுரிமை வைத்துத் தடுக்கக் கூடாது என்றது. 2003-இல் ஸ்லோவாக்கிய ஹேண்ட்பால் வீரர் கோல்பாக் வழக்கும் 2005-இல் ரஷ்யக் கால்பந்து வீரர் சிமுட்டென்கோவ் வழக்கும், ஒன்றியத்தோடு ஒப்பந்தம் உள்ள நாடுகளிலிருந்து வந்து சட்டப்படி வேலை செய்பவர்களுக்கும் அதை நீட்டின. ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளோடு ஒன்றியம் செய்த கோட்டனூ ஒப்பந்தம் வழியாக இன்னொரு கதவும் திறந்தது. சில அமெரிக்க வீரர்கள் ஆப்பிரிக்க நாட்டுப் பாஸ்போர்ட்டுடன் ஸ்பெயினில் ஆடுவது இதனால்தான். ஆக, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதோடு, அந்த நாட்டுக்கும் வீரர் ஆடப்போகும் லீக்குக்கும் என்ன உறவு என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாஸ்போர்ட் தந்த நாட்டின் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர்களும் இருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த போ மெக்கேலப் அப்படிப்பட்டவர். துருக்கியின் மெர்சின், செர்பியாவின் பார்ட்டிசான், இத்தாலியின் சியேனா என்று போன அவருக்கு 2010-இல் மாசிடோனியா (இன்றைய வட மாசிடோனியா) குடியுரிமை தந்தது. அந்த நாட்டு க்ளப்பில் அவர் ஆடியதே இல்லை. இங்கே கோடைத் தொடர்தான் க்ளப் சந்தைக்கு மேடை. 2011 யூரோபாஸ்கெட்டில், 20 லட்சம் பேர் வாழும் மாசிடோனியா, போட்டியை நடத்திய லித்துவேனியாவையே காலிறுதியில் 67-65 என்று வெளியேற்றி நான்காம் இடம் பிடித்தது. தொடரின் சிறந்த ஐவரில் டோனி பார்க்கர், நவாரோ, கிரிலென்கோ, பாவ் கசோலோடு மெக்கேலப் பெயரும் வந்தது. அடுத்த கோடையில் இஸ்தான்புல்லின் பணக்கார க்ளப்பான ஃபெனர்பாஹ்சே அவரை வாங்கியது. துருக்கியில் அவர் வெளிநாட்டவர்தான், மாசிடோனியப் பாஸ்போர்ட் அங்கே இடம் எதையும் மிச்சப்படுத்தவில்லை.

அதே ஃபெனர்பாஹ்சேயில் எதிர்மாறான உதாரணம் பாபி டிக்ஸன். சிகாகோவில் பிறந்த, உயரம் 180 சென்டிமீட்டருக்கும் குறைந்த கார்டு. பிரான்ஸ், இத்தாலி, போலந்து என்று சுற்றி, துருக்கியின் கார்ஷியாகா அணியோடு 2015-இல் லீக் கோப்பை வென்றவர். அந்த வருடமே துருக்கிக் குடியுரிமை பெற்று அலி முகமது என்ற பெயரில் நாட்டு அணிக்கு ஆடினார். அப்போது வயது 32. சாதாரணமாக அந்த வயதில் ஒரு வெளிநாட்டு கார்டின் சந்தை இறங்கத் தொடங்கும். அவருக்கோ அப்போதுதான் ஃபெனர்பாஹ்சே கதவு திறந்தது. 2017 யூரோலீக் கோப்பையை வென்ற அணியில் அவரும் இருந்தார், அதன் பிறகும் பல பருவம் அங்கேயே நீடித்தார். 

காகித வேலை இரண்டு தனித் தடங்களில் நடக்கும், அதைக் கலந்துகொள்வதால்தான் தவறுகள் நடக்கின்றன. முதல் தடம் அரசு: க்ளப்போ கூட்டமைப்போ பரிந்துரைக்க, விளையாட்டு, உள்துறை அமைச்சகங்கள் வழியாகச் சிறப்பு ஆணை வரும். அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் வரும் வரை லீக் அவரை வெளிநாட்டவராகவே பதிவு செய்யும். லீக்கின் பதிவுக் கெடு தாண்டிப் பாஸ்போர்ட் வந்தால் அந்தப் பருவத்துக்குப் பயன் குறையும். இரண்டாவது தடம் ஃபிபா: கூட்டமைப்பு தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எப்போது குடியுரிமை கிடைத்தது, அந்த நாட்டில் எவ்வளவு காலம் வாழ்ந்தார், எத்தனை பருவம் ஆடினார் போன்ற விவரங்களை ஃபிபா கேட்கும். முதல் தடம் முடிந்து இரண்டாவது முடியாமல் நிற்பது சாதாரணம், அப்போது அவர் க்ளப்பில் உள்நாட்டவர், நாட்டு அணியில் இன்னும் யாருமில்லை. அமெரிக்கச் சட்டம் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியதற்காகத் தானாகத் தன் குடியுரிமையைப் பறிப்பதில்லை. ஆனால் எங்கே வாழ்ந்தாலும் வருமான வரிக் கணக்குக் காட்டச் சொல்லும். ஐரோப்பிய ஒப்பந்தங்களில் சம்பளம் பெரும்பாலும் வரி போக நிகரமாகத்தான் பேசப்படுகிறது, உள்ளூர் வரியைக் க்ளப் கட்டும். அந்த வரியைக் கட்டிய ரசீதை க்ளப் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காதவர்கள் அமெரிக்க வரித்துறையிடம் திண்டாடுவார்கள்.

சம்பளம் வராமல் போனால் பாஸ்போர்ட் உதவாது, ஒப்பந்தத்தில் உள்ள தகராறு விதி உதவும். ஜெனீவாவில் இயங்கும் கூடைப்பந்து நடுவர் மன்றத்துக்கு வழக்குப் போகும் என்று எழுதியிருந்தால், தீர்ப்பை மதிக்காத க்ளப்புக்குப் புது வீரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போடலாம். உள்ளூர் நீதிமன்றம் என்று எழுதியிருந்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களிடம் ‘இப்போது நீங்கள் நம்மவர்’ என்று சொல்லி உள்நாட்டு வீரர் ஒப்பந்தப் படிவத்தை நீட்டும்போது, இந்த வரி காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வது முகவரின் வேலை.

இனி ஒருவர் குடியுரிமை பெற்றார் என்ற செய்தியைப் பார்த்தால் மூன்று விஷயங்களை ஒத்துப் பாருங்கள்: பாஸ்போர்ட் வாங்கியபோது வயது, 14 முதல் 20 வரை எங்கே ஆடினார், எந்த நாட்டு லீக்கில் ஆடுகிறார். லார்கினை எடுத்துக்கொள்வோம். பேஸ்பால் ஜாம்பவான் பாரி லார்கினின் மகன், 1992-இல் பிறந்தவர், மயாமி பல்கலைக்கழகம், 2013 என்பிஏ தேர்வில் 18-ஆவது பெயர். 2018-இல் இஸ்தான்புல்லின் அனடோலு எஃபெஸுக்கு வந்தார். 2019 நவம்பரில் பயர்ன் மியூனிக்குக்கு எதிராக 49 புள்ளிகள் எடுத்து அப்போதைய யூரோலீக் சாதனையைப் படைத்தார். துருக்கிப் பாஸ்போர்ட் 2020-இல் வந்தது, வயது 27. எனவே நாட்டு அணியில் அந்த ஒற்றை இடத்துக்குரியவர். அந்த இடத்தில் ஆடி 2025 யூரோபாஸ்கெட்டில் வெள்ளி வாங்கினார், ரீகாவில் நடந்த இறுதியில் ஜெர்மனி 88-83 என்று வென்றது. இளமைப் பயிற்சி முழுவதும் அமெரிக்காவில் என்பதால் நாளையே ஸ்பெயினுக்குப் போனாலும் உள்ளூர்ப் பயிற்சிக் கணக்கில் சேர மாட்டார். ஆடுவதோ துருக்கி லீக்கில், கையில் துருக்கிப் பாஸ்போர்ட். 2021-இலும் 2022-இலும் யூரோலீக் கோப்பையை எடுத்த எஃபெஸுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத் தாளில் ஒரு வெளிநாட்டு இடம் காலியாகவே கிடைத்தது.